குடியிருப்போரைக் கேட்டே குடியிருப்பைச் செப்பனிடுக!

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்டு, உங்கள் ஒப்புதலையும் பெற்றுவிட்டன. அதன் பின்னர் சிறிது நேரம் பேசுமாறு நிர்வாகிகள் என்னைக் கேட்டுக்கொண்டனர். தலைப்பையும் அவர்களே தந்தனர். பழுதடைந்துபோன அரசுக் குடியிருப்புகளைப் புதுப்பிப்பது பற்றியும், அதில் அங்கு வாழும் மக்களுக்குரிய பங்கு பற்றியும் பேச வேண்டும் என்றார்கள். இது காலத்திற்கேற்ற தலைப்பு. நம் ஜமாஅத்தில் சந்தா செலுத்தும் குடும்பங்களில் பல, 'ஹவுஸிங் போர்டு' என்று நாம் வழக்கமாகச் சொல்லும் வாரிய அடுக்குமாடிகளில் வாழ்கின்றன. அவர்களுக்கு அடுத்த கதவில் மாற்று மதச் சகோதரர்கள் வாழ்கின்றனர். கூரைக்காரை பெயர்ந்து விழும்போது அது யார் எந்த மதத்தவர் என்று பார்த்து விழுவதில்லை. ஆகவே, இது ஒரு சமுதாயத்தின் பிரச்சினை அன்று. ஓர் ஊரின் பிரச்சினை.

நான் பொறியாளன் அல்லன். ஆனால் மஷூரா என்பதைப் பற்றிப் பேசும் தகுதி ஓர் ஆலிமுக்கு உண்டு. திருக்குர்ஆனின் 42ஆவது அத்தியாயத்திற்கே 'அஷ்ஷூரா', அதாவது கலந்தாலோசனை என்று பெயர். ஒரு காரியத்தால் பாதிக்கப்படுவோரைக் கலந்துகொண்டு அக்காரியத்தைச் செய்வது நமக்குப் புதிய செய்தி அன்று. இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான்: வசிப்பவரைக் கேட்டுச் செப்பனிடப்பட்ட வீடு நிலைக்கும், கேளாமல் செப்பனிடப்பட்ட வீடு, வெளியே எவ்வளவு பளபளத்தாலும் நிலைக்காது. இதற்கு மேலை நாடுகளிலிருந்து இரண்டு உதாரணங்களைச் சொல்லி, பிறகு நம் சென்னைக்கு வருகிறேன்.

கட்டடம் எப்படி நோயுறுகிறது?

முதலில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்வோம். கான்கிரீட் கட்டடம் ஒரே நாளில் இடிந்து விழுவதில்லை. மனித உடலைப் போல அதுவும் மெல்ல மெல்லவே நோயுறுகிறது. குளியலறைக் குழாயில் ஒரு கசிவு ஏற்படுகிறது. அந்த ஈரம் சுவரிலும் தளத்திலும் இறங்கி, உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைத் தொடுகிறது. கடலோர ஊர்களில் காற்றிலுள்ள உப்பும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துருவானது தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு பருமன் உடையது. அது உள்ளிருந்து நெருக்குவதால் மேலுள்ள கான்கிரீட் விரிசல் விட்டு, துண்டு துண்டாகப் பெயர்கிறது. விரிசலுக்குள் மழைநீர் புகுகிறது. பறவை போட்ட ஆலம் விதையும் அரச விதையும் அங்கே வேர் விடுகின்றன. இருபது ஆண்டுகளில் கட்டடம் முதுமை அடைந்துவிடுகிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது என்ன? அந்த முதல் ஈரக்கறையை முதலில் காண்பவர் யார்? ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் அதிகாரியா? இல்லை. அந்த அறையில் சமைக்கும் தாய்தான் காண்கிறார். எந்த மாதத்தில் எந்தச் சுவர் நனைகிறது, மேல்வீட்டார் குளித்தால் கீழே எந்த மூலையில் சொட்டுகிறது, மாடிப்படியில் எந்த இடத்தில் முதியவர்கள் வழுக்கி விழுகிறார்கள் என்பதெல்லாம் அங்கு வாழ்பவருக்குத் தெரியும். அந்த அறிவைப் பெறாமல் தயாரிக்கப்படும் மதிப்பீடு எப்படி முழுமையானதாக இருக்கும்? ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கேளாமல், சுவரில் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போனால் அடுத்த மழைக்கே அது உரிந்துவிடாதா?

கேளாததன் விலை

லண்டன் மாநகரின் மேற்குப் பகுதியில் கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடிக் கட்டடம் இருந்தது. 1974இல் கட்டி முடிக்கப்பட்டது. உள்ளாட்சி மன்றத்திற்குச் சொந்தமானது. தொழிலாளர்களும், பல நாடுகளிலிருந்து குடியேறிய எளிய குடும்பங்களும் அங்கு வாழ்ந்தனர். 2016ஆம் ஆண்டு அக்கட்டடம் பெரும் பொருட்செலவில் புதுப்பிக்கப்பட்டது. வெளிச்சுவர் முழுவதும் அலுமினியத் தகடுகளால் போர்த்தப்பட்டுக் காண்பதற்கு அழகாக்கப்பட்டது. ஆனால் அத்தகடுகளின் நடுவே எளிதில் தீப்பற்றும் பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக் இருந்தது. முதலில் திட்டமிடப்பட்டிருந்த துத்தநாகத் தகடுகளுக்குப் பதிலாக இத்தகடுகளைப் பொருத்தியதால் மிச்சமான தொகை சுமார் 3 லட்சம் பவுண்டுகள்.

2017 ஜூன் 14ஆம் நாள் நள்ளிரவு கடந்து, நான்காம் மாடியில் ஒரு வீட்டின் குளிர்சாதனப் பெட்டியருகே பற்றிய தீ, அந்தத் தகடுகளின் வழியே ஏறிக் கட்டடம் முழுவதையும் சூழ்ந்தது. 72 உயிர்கள் பறிபோயின. அது ரமளான் மாதம். ஸஹருக்காக விழித்திருந்த முஸ்லிம்கள் அண்டை வீட்டாரின் கதவுகளைத் தட்டி எழுப்பியதால் தப்பியவர்களும் உண்டு. அன்றைய தினம் அருகிலிருந்த தேவாலயங்களும், அல் மனார் பள்ளிவாசலும் எல்லா மதத்தவருக்கும் கதவுகளைத் திறந்துவிட்டன.

சகோதரர்களே! இதில் நெஞ்சை உறுத்தும் செய்தி இனிமேல்தான் வருகிறது. அங்கு வசித்தவர்கள் தீப்பாதுகாப்பைப் பற்றிப் பல ஆண்டுகளாக எழுதியும் எச்சரித்தும் வந்தார்கள். பேரழிவு ஒன்று நேர்ந்தால்தான் நிர்வாகத்தின் திறமையின்மை வெளிப்படும் என்று 2016 நவம்பரிலேயே எழுதினார்கள். அந்த நிர்வாக அமைப்பின் பெயரே 'குடியிருப்போர் மேலாண்மை அமைப்பு' என்பதுதான்! பெயரில் குடியிருப்போர் இருந்தார்கள்; முடிவெடுப்பதில் அவர்கள் இல்லை. 2024 செப்டம்பர் 4ஆம் நாள் வெளியான விசாரணைக் குழுவின் இறுதி அறிக்கை, அந்த 72 மரணங்களும் தவிர்த்திருக்கக் கூடியவையே என்று கூறியது. முறையிட்ட மக்களில் சிலரை நிர்வாகம் கலகக்காரர்களாகவே கருதியது என்பதையும் அவ்வறிக்கை பதிவு செய்துள்ளது.

குறை சொல்பவனைக் கலகக்காரன் என்று ஒதுக்குவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தானே! ஆனால் குறை சொல்பவன்தான் பல நேரங்களில் காவல்காரன் என்பதை அந்தக் கட்டடம் உலகிற்குக் கற்பித்துச் சென்றது. அழிவு வந்த பிறகு கதவைத் திறப்பது நற்செயல்தான். அழிவுக்கு முன்பே செவியைத் திறப்பது அதனினும் மேலான நற்செயல் அல்லவா?

கேட்டதன் பயன்

இனி இதற்கு நேர்மாறான ஒரு செய்தியைக் கேளுங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரான்ஸ் நாட்டில் ஏழைகளுக்காகவும் தொழிலாளர்களுக்காகவும் ஏராளமான அடுக்குமாடிகள் கட்டப்பட்டன. நாற்பது ஐம்பது ஆண்டுகளில் அவை பழுதடைந்தன. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றில் பலவற்றை இடித்துத் தள்ளுவதே அந்நாட்டின் கொள்கையாக இருந்தது. அப்போது ஆன் லக்கத்தோன் என்ற பெண்மணியும், ழான் பிலிப் வசால் என்பவரும், அவர்களுடைய சக கட்டடக் கலைஞரான பிரெடெரிக் துருவோவும் 2004இல் ஓர் ஆய்வை முன்வைத்து மாற்றுக் கருத்துச் சொன்னார்கள். இருப்பதை இடிக்க வேண்டாம், அதனுடன் சேர்ப்போம், இடிப்பதற்கும் புதிதாகக் கட்டுவதற்கும் ஆகும் செலவைவிடக் குறைந்த செலவில் இதைச் செய்யலாம் என்பதே அவர்களது வாதம்.

முதலில் பாரிஸ் நகரின் புவா லெ ப்ரெத்ர் என்ற உயர்ந்த கட்டடத்தில் இதைச் செய்து காட்டினார்கள். அதுவும் இடிப்பதற்கென்று குறிக்கப்பட்டிருந்த கட்டடம்தான். குடியிருப்போருடன் கூட்டங்கள் நடத்தி, அவர்களின் விருப்பம் அறிந்து பணி நடந்தது. பிள்ளைகள் வளர்ந்து பிரிந்து சென்றதால் சிறிய வீடு போதும் என்றவருக்கும், குடும்பம் பெருகியதால் பெரிய வீடு வேண்டும் என்றவருக்கும் அதே கட்டடத்திற்குள் மாறிக்கொள்ள வழி செய்யப்பட்டது. 2011இல் அப்பணி நிறைவுற்றது.

அதன் பின்னர் போர்தோ நகரில் 'க்ரான் பார்க்' என்ற இடத்தில் 1960களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட மூன்று பெரிய அடுக்குமாடிகள். மொத்தம் 530 வீடுகள். அங்கே அவர்கள் செய்தது என்ன? பழைய சுவரை ஒட்டி வெளிப்புறத்தில், முன்கூட்டியே வேறிடத்தில் தயாரிக்கப்பட்ட பாகங்களைக் கொண்டுவந்து அடுக்கினார்கள். ஒவ்வொரு வீட்டிற்கும் ஏறத்தாழ 3.8 மீட்டர் அகலத்தில் கண்ணாடித் தடுப்புள்ள ஒரு கூடமும் திறந்த தாழ்வாரமும் கிடைத்தன. சின்னஞ்சிறு ஜன்னல்களின் இடத்தில் பெரிய கண்ணாடிக் கதவுகள் வந்தன. மின்தூக்கிகள் புதிதாயின. ஒரு வீட்டுக்குள் வேலை நடந்த காலம் ஏறத்தாழ இரண்டு வாரம்தான். இந்தப் பணி நடந்தபோது எந்தக் குடும்பமும் வீட்டைக் காலி செய்துவிட்டு வெளியேற வேண்டியிருக்கவில்லை. பணி முடிந்த பின் வாடகையும் உயர்த்தப்படவில்லை.

இப்பணிக்கு 2019ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டடக்கலை விருது கிடைத்தது. 2021இல் லக்கத்தோனும் வசாலும் கட்டடக்கலையின் மிக உயரிய விருதாக மதிக்கப்படும் பிரிட்ஸ்கர் விருதைப் பெற்றனர். அரண்மனைகளையும் வானளாவிய கோபுரங்களையும் கட்டியவர்களுக்குக் கிடைத்து வந்த விருது, ஏழையின் வீட்டைச் செப்பனிட்டவர்களுக்குக் கிடைத்தது என்றால், அது சாதாரணச் செய்தியா?

நம் ஊரின் நிலை

இனி நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதற்கான சட்டமும் வந்தது. தீயிலும் வெள்ளத்திலும் அல்லலுற்ற குடிசைவாசிகளுக்கு அவர்கள் வாழ்ந்த இடத்திலேயே கல்வீடு கட்டித் தந்தது அந்த வாரியம். அதை நன்றியுடன் நினைவுகூர வேண்டும். 2021இல் அதன் பெயர் 'தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று மாற்றப்பட்டது.

அன்று கட்டிய வீடுகள் இன்று முதுமை அடைந்துவிட்டன. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட வாரியக் கட்டடம் ஒன்று இடிந்து தரைமட்டமானது. எல்லாப் புகழும் இறைவனுக்கே! ஓர் உயிரும் போகவில்லை. ஏன் தெரியுமா? சுவரில் விரிசலைக் கண்ட மக்கள் முன்னதாகவே ஒருவரையொருவர் எச்சரித்து வெளியேறிவிட்டார்கள். வசிப்பவரின் கண்ணுக்கு இதைவிடச் சான்று வேறு வேண்டுமா? அதே ஆண்டு ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பூங்காவில் புதிதாகக் கட்டப்பட்ட குடியிருப்பில் சுவர்ப்பூச்சு கை பட்டாலே உதிர்ந்ததை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம். அதையும் வெளியே கொண்டுவந்தவர்கள் அங்கு குடியேறிய மக்களே.

பழைய கட்டடங்களை ஆய்வு செய்து, வலுவிழந்தவற்றை இடித்து மறுகட்டுமானம் செய்யும் பணியை அரசு செய்து வருகிறது. வேறு வழியற்ற நிலையில் இடிக்கத்தான் வேண்டும். கம்பி முழுதும் அரிக்கப்பட்ட கட்டடத்தில் மக்கள் தங்குவது தற்கொலைக்கு ஒப்பாகும். போர்தோவில் செய்ததை இங்கே அப்படியே செய்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அங்கே கட்டடத்தின் எலும்பு உறுதியாக இருந்தது. இங்கே பல இடங்களில் எலும்பே உளுத்துவிட்டது. இடிப்பதா, செப்பனிடுவதா என்பதை வல்லுநர் சொல்லட்டும். ஆனால் எப்படி வாழ்வது என்பதை வசிப்பவர் சொல்லட்டும். இரண்டும் சேர்ந்தால்தான் நீதி.

மக்களின் அச்சம் என்ன? 'தற்காலிகமாக வெளியேறுங்கள்' என்று சொல்லும்போது, திரும்பி வர முடியுமா என்பதுதான் முதல் அச்சம். நகரின் நடுவே வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்திற்கும் அனுப்பப்பட்டதை அவர்கள் கண்டிருக்கிறார்கள். வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்ணும், சுமை தூக்கும் தொழிலாளியும், மீன் விற்கும் மூதாட்டியும் வேலை செய்யும் இடத்திலிருந்து வெகுதூரம் தள்ளப்பட்டால், அந்த வீடு எவ்வளவு புதிதாக இருந்தாலும் அடுப்பு எரியுமா? ஒரே வீட்டில் தகப்பனும் மணமான இரண்டு மகன்களும் குடும்பத்துடன் வாழ்ந்தால், கணக்கெடுப்பில் அது ஒரு வீடா, மூன்று வீடா? மாடி ஏற இயலாத முதியவருக்கு எட்டாம் மாடி ஒதுக்கப்பட்டு, மின்தூக்கியும் நின்றுபோனால் அவர் கதி என்ன? இவை பொறியாளரின் வரைபடத்தில் வராத கேள்விகள். கேட்டால்தான் தெரியும்.

குடியிருப்போரின் பொறுப்பு

உரிமையைப் பேசும் நாவு கடமையையும் பேச வேண்டும். வீடு ஓர் அமானிதம். படிக்கட்டும், குடிநீர்த் தொட்டியும், கழிவுநீர்க் குழாயும், மொட்டை மாடியும் அனைவருக்கும் பொதுவான அமானிதம். இடம் போதவில்லை என்று தாங்குசுவரை உடைத்து வாசல் வைப்பவர், தனக்கு மட்டுமன்றி மேலே வாழும் குடும்பங்களுக்கும் குழி தோண்டுகிறார். குப்பையைச் சன்னல் வழியே வீசுவதால் குழாய் அடைபடுகிறது. அடைபட்ட குழாய் கசிகிறது. கசிந்த நீர் கம்பியைத் தின்கிறது. 'அரசாங்கத்துக் கட்டடம்தானே' என்ற ஒரு சொல்லால் எத்தனை கட்டடங்கள் அழிந்தன!

இதற்கொரு நல்ல வழியும் திறந்திருக்கிறது. 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' என்ற பெயரில் அரசு ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. வாரியக் குடியிருப்புகளில் வாழ்வோர் நலச்சங்கம் அமைத்துப் பதிவு செய்துகொண்டு, தங்களுக்குள் பராமரிப்புத் தொகையை வசூலித்தால், அதற்கு இணையான தொகையை அரசும் வழங்கும் என்பது அதன் சாரம். குழாய் பழுதுபார்த்தல், தூய்மைப் பணி, மின்தூக்கி பராமரிப்பு போன்றவற்றை மக்களே முன்னின்று செய்ய இது துணைபுரியும். பணம் சிறிதாக இருக்கலாம். ஆனால் கணக்கு நம் கையில் இருக்கிறது என்பது பெரிது. கணக்கு கையில் இருந்தால் கேள்வி கேட்கும் துணிவும் வரும்.

நம் ஜமாஅத் செய்ய வேண்டியவை

பேசிவிட்டுக் கலைவது நமக்கு அழகன்று. ஆகவே நிர்வாகத்தின் முன் சில யோசனைகளை வைக்கிறேன்.

1. வாரியக் குடியிருப்புகளில் வாழும் நம் மஹல்லாவாசிகள், அங்குள்ள அனைத்துச் சமயத்தாருடனும் இணைந்து ஒரே நலச்சங்கமாகச் செயல்பட வேண்டும். ஜமாஅத் சார்பில் தனிச் சங்கம் வேண்டாம். கூரை ஒன்று, சங்கமும் ஒன்றாக இருக்கட்டும்.

2. நம் ஜமாஅத்தில் பொறியியல் படித்த இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஓய்வு நாட்களில் வீடு வீடாகச் சென்று, எங்கே கசிவு, எங்கே விரிசல், எப்போதிலிருந்து என்று தேதியுடன் பதிவு செய்யட்டும், புகைப்படமும் எடுக்கட்டும். விரிசலின் இரு ஓரங்களிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதிவைத்தால், அது வளர்கிறதா என்பது எவருக்கும் தெரியும். வாய்மொழிப் புகார் காற்றில் போகும். எழுத்துப் பதிவு மேசையில் நிற்கும்.

3. அந்தப் பதிவைப் பெண்களிடம் கேட்டுத் தயாரியுங்கள். வீட்டில் அதிக நேரம் இருப்பவர்கள் அவர்கள். தண்ணீர் எப்போது வருகிறது, மாடிப்படியில் விளக்கு எரிகிறதா, இரவில் எந்த மூலையில் அச்சம் என்பதை அவர்களே அறிவார்கள். சங்கத்தின் நிர்வாகக் குழுவிலும் அவர்களுக்கு இடம் இருக்க வேண்டும்.

4. மறுகட்டுமானம் என்று அறிவிப்பு வந்தால், காலி செய்வதற்கு முன்பே மூன்று விஷயங்களை எழுத்து மூலம் கேட்டுப் பெற வேண்டும். யார் யாருக்கு வீடு என்ற பட்டியல், அதே இடத்திற்குத் திரும்பும் உறுதி, பணி முடியும் காலக்கெடு. முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கீழ்த்தளம் என்ற கோரிக்கையையும் அதிலேயே சேர்க்க வேண்டும்.

5. இடைக்காலத்தில் வாடகைக்கு வீடு தேடும் குடும்பங்களுக்கு நம் மஹல்லாவில் வீடு வைத்திருப்போர் முன்பணத்தில் சலுகை தர வேண்டும். வாரியத்திலிருந்து வருபவர் என்று கேட்டதும் கதவைச் சாத்துவது நம் பண்பு அன்று. பைத்துல்மால் நிதியிலிருந்து கடனுதவி தருவதையும் நிர்வாகம் பரிசீலிக்கலாம்.

6. அதிகாரிகளைப் பகைவராகக் கருத வேண்டாம். அவர்களிலும் நேர்மையாளர் பலர் உண்டு. மதிப்பீடு தயாரிக்கும் முன்பு ஒருமுறை குடியிருப்புக்கு வந்து மக்களுடன் அமர்ந்து பேசுமாறு அழைப்போம். அமர்வதற்கு இடமில்லை என்றால் நம் ஜமாஅத்தின் மண்டபம் இருக்கிறது.

அன்பிற்குரியவர்களே! பள்ளிவாசலின் கூரையில் ஒரு துளி ஒழுகினால் ஒரே வாரத்தில் நாம் பணம் திரட்டிச் சரிசெய்துவிடுகிறோம். நல்லது. தொழுதுவிட்டுத் திரும்பிச் செல்லும் சகோதரர் தம் வீட்டில் பாத்திரம் வைத்து மழைநீரைப் பிடித்துக்கொண்டிருந்தால், அந்தக் கூரையும் நம் கவலைக்குரியது அல்லவா? அவரிடம் சென்று, "உங்கள் வீட்டில் என்ன செய்ய வேண்டும்?" என்று முதலில் கேட்போம். அவர் சொல்வதை எழுதிக்கொள்வோம். பிறகு கொத்தனாரை அழைப்போம்.

வல்ல இறைவன் நம் அனைவரின் இல்லங்களையும், அவற்றில் வாழ்வோரையும் பாதுகாப்பானாக! பிறர் சொல்வதைக் கேட்கும் செவியையும், கேட்டதைச் செய்யும் வலிமையையும் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.